முன்வண்டியும் பின்வண்டியும்

ஒரு வண்டியின் பின்னால் மற்றொரு வண்டி செல்லும்போது இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் விட வேண்டும் என்னும் கேள்வி மிகச் சிறியதாகத் தோன்றும். ஆயினும் இக்கேள்விக்கு விடை காண மனிதர் நூறாண்டுக்கு மேல் முயன்றிருக்கின்றனர். விடை தவறிய போதெல்லாம் உயிரை விலையாகக் கொடுத்திருக்கின்றனர். மோட்டார் வண்டி ஓட்டப் பழகுவோர் இன்று 'இரண்டு விநாடி இடைவெளி' என்று ஒரே வரியில் கற்றுக்கொண்டு போய்விடுகின்ற இச்செய்திக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு உண்டு. அவ்வரலாறு சாலையில் தொடங்கவில்லை, தண்டவாளத்தில் தொடங்கியது.

மாட்டு வண்டிக் காலத்தில் இக்கேள்வி எழவே இல்லை. சந்தைக்குப் போகும் வண்டிகள் இரவெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கிச் செல்லும். முன்வண்டியின் பின்புறத்தில் பின்வண்டி மாட்டின் மூச்சுப் படும். வண்டியோட்டி உள்ளே உறங்கிக்கொண்டிருப்பான். ஆயினும் முன்வண்டி நின்றால் பின்வண்டி மாடு தானே நின்றுவிடும். மாட்டுக்குக் கண் உண்டு. முட்டிக்கொள்ளக் கூடாது என்னும் அறிவும் உண்டு. குதிரை வண்டிக்கும் ஏறத்தாழ இதுவே பொருந்தும். வண்டியை இழுப்பது உயிருள்ள ஒன்றாக இருந்தவரை, இடைவெளி காக்கும் பொறுப்பில் பாதியை அதுவே ஏற்றுக்கொண்டிருந்தது எனலாம். நீராவி எஞ்சின் வந்தபோது அந்தப் பாதிப் பொறுப்பு யாரிடமும் ஒப்படைக்கப்படாமல் நடுவே நின்றுவிட்டது.

1830-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 15-ஆம் தேதி இங்கிலாந்தில் லிவர்ப்பூலுக்கும் மாஞ்செஸ்டருக்கும் இடையே இருப்புப் பாதை திறக்கப்பட்டது. இரும்புச் சக்கரம் இரும்புப் பாதையின் மேல் உருளும்போது தேய்வு மிகக் குறைவு. பெருஞ்சுமையைச் சிறு விசையால் இழுத்துச் செல்ல முடிவது அதனால்தான். ஆனால் எந்தக் குணம் வண்டியை எளிதில் ஓடச் செய்கிறதோ, அதே குணம் வண்டியை எளிதில் நிற்கவொட்டாமலும் செய்கிறது. முழு வேகத்தில் வரும் புகைவண்டி நிற்பதற்கு வேண்டிய தூரம், ஓட்டுநரின் கண்ணுக்கு எட்டும் தூரத்தைவிடப் பல வேளைகளில் அதிகம். வளைவு, மூடுபனி, சுரங்கம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் சொல்லவே வேண்டுவதில்லை. கண்ட பிறகு நிறுத்துவோம் என்றால் காலம் கடந்துவிடும். ஆகவே முன்வண்டியைக் காணாமலேயே பின்வண்டியை அதற்கு அப்பால் நிறுத்தி வைக்க ஒரு வழி வேண்டியிருந்தது.

அக்காலத்தவர் கண்ட வழி கடிகாரம். பாதை நெடுகக் குறிப்பிட்ட இடங்களில் இருப்புப் பாதைக் காவலர் நிறுத்தப்பட்டனர். ஒரு வண்டி அவரைக் கடந்து சென்றால் அடுத்த சில நிமிடங்களுக்கு 'அபாயம்' என்று கை காட்டுவார். மேலும் சில நிமிடங்களுக்கு 'எச்சரிக்கை'. அதற்குப் பின் 'போகலாம்'. எத்தனை நிமிடம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபட்டது. முதலில் ஐந்து, பிறகு இன்னும் ஐந்து என்ற அளவில் இருந்தது எனக் கொள்ளலாம்.

இம்முறையின் குறை எங்கே இருக்கிறது என்பதை ஆசிரியர்கள் எளிதில் உணர்வார்கள். வீட்டைவிட்டுப் புறப்பட்டுப் பத்து நிமிடம் ஆயிற்று என்பதனால், மாணவன் பள்ளிக்கு வந்து சேர்ந்துவிட்டான் என்று வருகைப் பதிவேட்டில் குறித்துவிடும் ஆசிரியர் உண்டா? கடிகாரம் முன்வண்டி எப்போது புறப்பட்டது என்பதை மட்டுமே சொல்லும். அது இப்போது எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லாது. முன்வண்டி வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும் வரை இரண்டும் ஒன்றே. அது வழியில் நின்றுவிட்டால் இரண்டும் வேறு.

இக்குறையை நீக்கும் வழியும் மிக முன்னதாகவே கண்டறியப்பட்டுவிட்டது என்பதுதான் வருத்தத்துக்குரிய செய்தி. வில்லியம் ஃபோதர்கில் குக் என்பவர் சார்லஸ் வீட்ஸ்டனுடன் சேர்ந்து 1837-இல் மின்சாரத் தந்திக்கு உரிமை பெற்றவர். (இளமையில் இவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் அலுவல் பார்த்தவர் என்பது நம்மவர் பலர் அறியாதது.) 1842-இல் குக் ஒரு சிறு நூல் வெளியிட்டார். பாதையைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் இரு முனையிலும் தந்திக் கருவி வைத்து, முன்வண்டி அப்பகுதியை விட்டு வெளியேறியது என்று மறுமுனையிலிருந்து செய்தி வந்த பிறகே அடுத்த வண்டியை உள்ளே விடவேண்டும் என்பது அதன் சாரம். நேரத்தால் அளந்த இடைவெளியை இடத்தால் அளப்பது என்று இதைச் சுருக்கிக் கூறலாம். 1844-இல் நார்விச்சுக்கும் யார்மத்துக்கும் இடையிலான ஒற்றைப் பாதையில் இம்முறை நடைமுறைக்கும் வந்தது.

ஆனால் பெரிய கம்பெனிகள் பல அதை ஏற்கவில்லை. செலவு ஒரு காரணம். மற்றொரு காரணத்தையும் அவர்கள் கூறினர்: பாதுகாப்புக் கருவிகள் பெருகினால் ஓட்டுநர்கள் கருவியை நம்பித் தம் விழிப்பை இழப்பார்களாம். இவ்வாதம் இன்றும் பல துறைகளில் புதிய உடை அணிந்து வருகிறது. இதில் ஓரளவு உண்மை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாதம் செய்தவர்கள் அந்த வண்டிகளின் கடைசிப் பெட்டியில் அமர்ந்து பயணம் செய்யவில்லை என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும்.

1861-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 25-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பிரைட்டன் நகரிலிருந்து லண்டனை நோக்கி மூன்று புகைவண்டிகள் புறப்பட்டன. ஐந்து நிமிட இடைவெளி வேண்டும் என்பது விதி. உண்மையில் அவை கிளம்பிய நேரம் காலை 8.28, 8.31, 8.35. விதி எழுதப்பட்ட தாளில் இருந்தது. வண்டிகளோ தாமதமாகி அவசரத்தில் இருந்தன. வழியில் கிளேட்டன் என்னும் சுரங்கம். நீளம் ஒன்றேகால் மைலுக்குச் சற்று அதிகம். சுரங்கத்துக்கு மட்டும் தந்திக் கருவி உண்டு. அதற்கு முன்னும் பின்னும் உள்ள பாதைக்குக் கடிகாரமே காவல்.

சுரங்கத்தின் தென்வாயிலில் இருந்த கைகாட்டிக்காரர் அன்று இருபத்து நான்கு மணி நேரம் தொடர்ந்து வேலை பார்க்கும் முறையில் இருந்தார். முதல் வண்டி உள்ளே சென்றது. வண்டி கடந்ததும் தானே அபாய நிலைக்குத் திரும்ப வேண்டிய கைகாட்டி அன்று திரும்பவில்லை. எச்சரிக்கை மணி ஒலித்தது. அவர் சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு ஓடிவருவதற்குள் இரண்டாம் வண்டி அவரைக் கடந்து சுரங்கத்தினுள் புகுந்துவிட்டது. அதன் ஓட்டுநர் கொடியைக் கண்டாரா இல்லையா என்பது அவருக்குத் தெரியவில்லை. மறுமுனைக்குத் தந்தி கொடுத்து, வண்டி வெளியே வந்துவிட்டதா என்று கேட்டார். மறுமுனையில் இருந்தவர் அந்த நேரத்தில் முதல் வண்டி வெளியே வருவதைக் கண்டார். 'வந்துவிட்டது' என்று பதில் கொடுத்தார். கேட்டவர் கருதியது இரண்டாம் வண்டியை. சொன்னவர் கருதியது முதல் வண்டியை. தென்வாயிலில் 'போகலாம்' என்று வெள்ளைக் கொடி அசைந்தது. மூன்றாம் வண்டி இருளுக்குள் நுழைந்தது.

இரண்டாம் வண்டியின் ஓட்டுநர் கொடியைக் கண்டிருந்தார். விதிப்படி உள்ளே வண்டியை நிறுத்தி, என்ன நேர்ந்தது என்று அறிய மெல்லப் பின்னோக்கி வந்துகொண்டிருந்தார். 23 பேர் மாண்டனர். 176 பேர் காயமுற்றனர்.

இந்நிகழ்ச்சியில் தனிப்பட்ட எவர் தலையிலும் முழுப் பழியைச் சுமத்த என் மனம் ஒப்பவில்லை. தந்தி இருந்தது, ஆனால் எந்த வண்டியைப் பற்றிய கேள்வி என்பதைச் சொல்ல அக்கருவிக்கு மொழி இல்லை. மூன்று வண்டிகளும் உரிய இடைவெளியில் வந்திருந்தால் அந்த ஐயம் எழவே வாய்ப்பில்லை. சார்லஸ் டிக்கன்ஸ் 1866-இல் எழுதிய கைகாட்டிக்காரர் பற்றிய பேய்க்கதைக்கு இவ்விபத்தே தூண்டுகோல் என்று கருதுவோர் உண்டு. 1865-இல் ஸ்டேப்பிள்ஹர்ஸ்ட் என்னும் ஊரில் நடந்த புகைவண்டி விபத்தில் டிக்கன்ஸே சிக்கித் தப்பியவர்.

இத்தனைக்குப் பிறகும் கடிகார முறை சட்டத்தால் தடை செய்யப்படவில்லை. பிரிட்டனின் பெரிய கம்பெனிகள் மெல்ல மெல்லத் தாமாகவே பகுதி முறைக்கு மாறின. அயர்லாந்து பின்தங்கியிருந்தது. அதன் விலை 1889-இல் தெரிந்தது.

அவ்வாண்டு ஜூன் மாதம் 12-ஆம் தேதி, அயர்லாந்தின் ஆர்மா நகரிலிருந்து ஞாயிறு சமயப் பள்ளி ஒன்றின் மாணவர்களும் பெற்றோர்களும் ஆசிரியர்களும் கடற்கரைக்கு உல்லாசப் பயணம் புறப்பட்டனர். ஏறத்தாழ 940 பேர். எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் அதிகம். பெட்டிகள் சேர்க்கப்பட்டு வண்டி 15 பெட்டிகளாக நீண்டது. பயணச் சீட்டு இல்லாதவர் ஏறிவிடாதபடி கதவுகள் பூட்டப்பட்டன. நகரைவிட்டு வெளியேறியதும் பாதை மேடு. 75 அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றமும் அதில் உண்டு. உச்சிக்குச் சில நூறு அடி இருக்கும்போது எஞ்சின் மூச்சிழந்து நின்றது.

என்ன செய்வது? முன்பகுதி ஐந்து பெட்டிகளை முதலில் இழுத்துச் சென்று அடுத்த நிலையத்தில் விட்டுவிட்டு, திரும்பி வந்து மற்றப் பத்துப் பெட்டிகளை எடுத்துச் செல்வதென முடிவாயிற்று. அந்த வண்டியில் பெட்டிகள் அனைத்துக்கும் தொடர்ச்சியான பிரேக் இருந்தது உண்மை. ஆனால் அது எஞ்சினிலிருந்து கழற்றினால் பிடியை விட்டுவிடும் வகை. ஆகவே பத்துப் பெட்டிகளையும் சரிவில் தாங்கி நிற்க வேண்டியது கடைசிப் பெட்டியில் உள்ள ஒரே கைப்பிரேக்கும், சக்கரங்களுக்கு அடியில் வைத்த கற்களுமே. முன்பகுதி நகரத் தொடங்கும்போது சற்றே பின்வாங்கிப் பின்பகுதியை இடித்தது. கற்கள் நொறுங்கின. பத்துப் பெட்டிகளும் கீழ்நோக்கி ஓடத் தொடங்கின. கதவுகளோ பூட்டியிருந்தன.

கீழே ஆர்மா நிலையத்தில் வழக்கமான பயணிகள் வண்டி காத்திருந்தது. மெதுவண்டியின் பின்னால் விரைவு வண்டியை விட 20 நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது அந்நிலையத்தின் விதி. அந்த 20 நிமிடமும் ஒழுங்காகக் காத்திருந்தார்கள். கடிகாரம் 'போகலாம்' என்றது. வண்டி புறப்பட்டது. மலைச்சரிவில் ஏறத்தாழ ஒன்றரை மைல் உருண்டு வந்த பெட்டிகள் அதன்மேல் மோதின. 80 பேர் மாண்டனர். 260 பேர் காயமுற்றனர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் குழந்தைகள்.

கவனிக்க வேண்டியது இது: கிளேட்டனில் விதி மீறப்பட்டது, ஆர்மாவில் இடைவெளி விதி ஒரு நிமிடமும் குறையாமல் பின்பற்றப்பட்டது. பெட்டிகள் உருண்டதற்குப் பிரேக்கே காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் எதிரே வண்டி ஒன்று வராதிருந்தால் மோதல் நேர்ந்திராது. மேட்டின் உச்சியை முன்வண்டி தாண்டிவிட்டது என்ற செய்தி வந்தாலன்றி அடுத்த வண்டியை விடுவதில்லை என்னும் முறை அங்கே இருந்திருந்தால், பின்வண்டி ஆர்மா நிலையத்திலேயே நின்றிருக்கும். அன்று அங்கே செய்தி கேட்கும் ஏற்பாடு இல்லை.

அவ்விபத்து நடந்து எண்பது நாள்கூட ஆகவில்லை. ஆகஸ்டு 30-ஆம் தேதி பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் சட்டம் அரச ஒப்புதல் பெற்றது. பயணிகள் செல்லும் பாதைகளில் பகுதி முறையும், கைகாட்டியையும் பாதைத் திருப்பியையும் ஒன்றோடொன்று பிணைக்கும் பூட்டு முறையும், பெட்டி கழன்றால் தானே பிடித்துக்கொள்ளும் தொடர்ச்சியான பிரேக்கும் கட்டாயமாக்கப்பட்டன. குக்கின் சிறு நூல் வெளிவந்து அப்போது 47 ஆண்டுகள் கடந்திருந்தன.

மலாயாவில் இருப்புப் பாதை இச்சட்டத்துக்கு நான்கு ஆண்டுகள் முன்னரே வந்துவிட்டது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை எட்டு மைல், 1885-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி திறக்கப்பட்டது. நம் தோட்டத்து மக்கள் கம்பிச் சடக்கு என்று அழைத்த அப்பாதைகளில் தமிழர் கை படாத இடம் இல்லை. தண்டவாளம் போட்டுச் செப்பனிட்டவர்களில் தென்னிந்தியத் தொழிலாளர் மிகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் கற்று வந்த தமிழர் பலர் நிலைய மாஸ்டர்களாகவும் குமாஸ்தாக்களாகவும் பணியாற்றினர். நம் பாதை அக்காலத்தில் பெரும்பாலும் ஒற்றைப் பாதையாக இருந்தது. ஒரே பாதையில் முன்னும் பின்னுமாக வண்டிகள் வரும் இடத்தில் பின்தொடரும் வண்டியோடு எதிர்வரும் வண்டிக்கும் அஞ்ச வேண்டும். இதற்கென்று கண்ட ஏற்பாடுதான் டோக்கன் என்பது. இரு நிலையங்களுக்கு இடையே உள்ள பகுதிக்கு உரிய டோக்கன்கள் இரு நிலையங்களிலும் உள்ள கருவிகளில் இருக்கும். இரண்டு கருவிகளும் மின்கம்பியால் இணைந்தவை. ஒரு டோக்கன் வெளியே இருக்கும்போது மற்றொன்றை எந்த முனையிலும் எடுக்க முடியாது. டோக்கன் கையில் இல்லாத ஓட்டுநர் அப்பகுதிக்குள் நுழைய உரிமையற்றவர்.

ஓடும் வண்டியிலிருந்து நீட்டிய கையில் நிலைய மாஸ்டர் வளையத்தை மாட்டுவதும், பழைய வளையம் தடத்தோரம் விழுவதும் என் வயதினர் பலர் சிறுவயதில் வேடிக்கை பார்த்த காட்சி. அது விளையாட்டு என்றே அப்போது நினைத்திருந்தோம். இரண்டு வண்டிகளுக்கு இடையே உள்ள வெற்றிடத்தைத்தான் அவர் ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார் என்பது ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் படித்த நாளில்தான் புரிந்தது. சிங்கப்பூரில் புக்கிட் தீமா நிலையத்தில் இம்மாற்றம் 2011-ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் அப்பாதை மூடப்படும் வரை நடந்து வந்தது.

இன்னொரு சிறு பொருளையும் இங்குச் சொல்லாமல் விடலாகாது. அது வண்டியின் வால் விளக்கு. வண்டி நிலையத்தைக் கடந்துவிட்டது என்று செய்தி அனுப்புவதற்கு முன் நிலையத்தார் கடைசிப் பெட்டியின் விளக்கைக் கண்ணால் காண வேண்டும். எஞ்சினைக் கண்டால் போதாது. நடுவழியில் பெட்டி கழன்று பின்தங்கியிருக்கலாம் அல்லவா? முன்வண்டியின் வால் எங்கே என்பதுதான் பின்வண்டிக்கு வேண்டிய செய்தி. அதன் தலை எங்கே என்பதனால் பயன் இல்லை.

இது பழங்கதை என்று எண்ணுவோர்க்கு ஒரு புதிய செய்தி. 2017-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் தேதி காலை, சிங்கப்பூரின் ஜூ கூன் பெருவிரைவு ரயில் நிலையத்தில் நின்றிருந்த ரயிலின் பின்னால் மற்றொரு ரயில் வந்து நின்றது. சிறிது நேரம் கழித்து அது தானாக நகர்ந்து முன்ரயிலை மோதியது. 38 பேர் காயமுற்றனர். அப்பாதையில் புதிய சமிக்ஞை முறை படிப்படியாகக் கொண்டுவரப்பட்ட காலம் அது. புதிய முறையில் ஒவ்வொரு ரயிலையும் சுற்றி ஒரு காப்பு வட்டத்தைக் கணிப்பொறி வரைந்து வைத்திருக்கும். பின்ரயில் அவ்வட்டத்தை நெருங்காது. முன்ரயில் இன்னும் மாற்றப்படாத ஒரு பழைய தடக்கருவியைக் கடந்தபோது அதன் காப்பு வட்டம் நீங்கிவிட்டது. நின்றிருந்தது ஆறு பெட்டி ரயில். பின்ரயிலின் கணிப்பொறி அதை மூன்று பெட்டி ரயில் என்று கொண்டது. மூன்று பெட்டி நீளத்துக்கு முன்னால் இடம் இருக்கிறது என்று எண்ணி அது நகர்ந்தது. வால் விளக்கை எண்ணிப் பார்த்த பழைய நிலைய மாஸ்டரின் கண்ணுக்கு இருந்த வேலை, 2017-இல் வேறு வடிவில் திரும்பி வந்து நின்றது.

இனிச் சாலைக்கு வருவோம். சாலையில் கைகாட்டி இல்லை, டோக்கன் இல்லை, நிலைய மாஸ்டரும் இல்லை. ரப்பர் டயர் சாலையை நன்றாகப் பற்றும். ஆகையால் கண்டபின் நிறுத்தலாம் என்னும் துணிவு மோட்டார் வண்டிக்கு உண்டு. தொடக்கத்தில் சட்டம் கவலைப்பட்டது முன்னால் உள்ள இடத்தைப் பற்றியே. பிரிட்டனில் 1865-இல் வந்த சட்டம், சாலையில் ஓடும் நீராவி வண்டிக்கு 60 கஜம் முன்னே ஒருவர் சிவப்புக் கொடியுடன் நடந்து செல்ல வேண்டும் என்றது. இன்று நகைக்கிறோம். ஆனால் இயந்திரத்துக்குக் கண் இல்லை என்பதை அச்சட்டம் எழுதியவர் உணர்ந்திருந்தார் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பின்னால் வருபவனைப் பற்றிய கவலை 1920-களில் தலைகாட்டியது. அதுவரை பெரும்பாலான கார்களுக்குப் பின்சக்கரங்களில் மட்டுமே பிரேக். நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் பொருத்திய கார்கள் வந்ததும் அவை மிகக் குறுகிய தூரத்தில் நின்றன. பின்னால் இரு சக்கரப் பிரேக்குடன் வந்தவர் அவற்றின் முதுகில் மோதினார். எனவே நான்கு சக்கரப் பிரேக் உடைய கார்கள் சிலவற்றின் பின்புறத்தில், அச்செய்தியை அறிவிக்கும் சிவப்பு முக்கோணம் மாட்டப்பட்டது. சிறந்த பிரேக் உடையவன் பின்னால் வருபவனுக்கு எச்சரிக்கை கூற வேண்டியதாயிற்று. பாதுகாப்பான இடைவெளி என்பது என் வண்டியைப் பொறுத்தது மட்டும் அன்று, முன்வண்டியையும் பொறுத்தது என்னும் உண்மை அந்தச் சிறு முக்கோணத்தில் இருக்கிறது. நம் நாட்டுச் சாலைகளில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் போகும் தோட்டத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவர் முதுகே அதை அறியும். மலேசியச் சாலைகளில் மாள்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோரே என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிரிட்டனில் 1930-இல் சாலை விபத்துகளில் மாண்டவர் 7,000-க்கு மேல். 1931 ஏப்ரல் 14-ஆம் தேதி நெடுஞ்சாலை விதிநூல் ஒரு பென்னி விலையில் வெளிவந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த பதிப்புகளில் நிற்கும் தூர அட்டவணை இடம்பெற்று, பின்னர் உலகெங்கும் பரவியது. அதன் கணக்கு ஆறாம் ஆண்டு மாணவனுக்கும் விளங்கக்கூடியது. மணிக்கு எத்தனை மைல் வேகமோ அத்தனை அடி, ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கை மிதிக்கும் முன் கடந்துவிடும். பிறகு வேகத்தை அதனாலேயே பெருக்கி 20-ஆல் வகுத்தால் வருவது, பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம். 30 மைல் வேகத்தில் 30-உம் 45-உம் சேர்ந்து 75 அடி. 60 மைல் வேகத்தில் 60-உம் 180-உம் சேர்ந்து 240 அடி. வேகம் இரு மடங்கு; நிற்கும் தூரமோ மூன்று மடங்குக்கு மேல். இவை காய்ந்த சாலைக்கு உரியவை. நம் மாலை மழைக்கு உரியவை அல்ல.

ஓடும் காரில் அமர்ந்து அடியை யார் அளப்பது? ஆகவே பத்து மைல் வேகத்துக்கு ஒரு கார் நீளம் இடம் விடுக என்று பலர் கற்பித்தனர். இக்கணக்கைச் சற்று ஆராய்ந்தால் ஒரு வேடிக்கை புலப்படும். கார் நீளம் ஏறத்தாழ 15 அடி. மணிக்குப் பத்து மைல் என்பது விநாடிக்கு ஏறத்தாழ 15 அடி. ஆகப் பத்து மைலுக்கு ஒரு கார் நீளம் என்றாலும் ஒரு விநாடி இடைவெளி என்றாலும் ஒன்றே. பின்னர் வந்த இரண்டு விநாடி விதி அதை இரட்டிப்பாக்கியது. பிரிட்டனின் இன்றைய விதிநூல் வேகச் சாலைகளில் குறைந்தது இரண்டு விநாடி என்றும், ஈரச் சாலையில் அதை இரட்டிக்க வேண்டும் என்றும், பனி உறைந்த சாலையில் பத்து மடங்கு வரையிலும் வேண்டியிருக்கும் என்றும் கூறுகிறது.

அப்படியானால் புகைவண்டிக்காரர்கள் 1889-இல் தூக்கி எறிந்த கடிகாரத்தைச் சாலைக்காரர்கள் மீண்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டார்களா? ஒரு வகையில் ஆம். ஒரு வகையில் இல்லை. ஆர்மாவின் கடிகாரம் வண்டி புறப்பட்ட இடத்தில் ஒரு முறை பார்த்துவிட்டு மறக்கப்பட்டது. சாலையின் இரண்டு விநாடி, முன்வண்டியின் வால் கண்ணெதிரே இருக்கும்போது அளக்கப்படுவது. நினைத்த போதெல்லாம் மீண்டும் அளக்கத்தக்கது. இந்த வேறுபாடு பெரிது.

ஆனால் மற்றொரு வேறுபாடும் உண்டு. அதைப் பயிற்சிப் பள்ளிகள் அழுத்திச் சொல்வதில்லை. வகுப்பில் இக்கணக்கைப் போட்டுக் காட்டியபோது ஒரு மாணவன், "முன்னால் போகிற லோரி பிரேக் போடாமல் எதிலாவது மோதி அப்படியே நின்றுவிட்டால், சார்?" என்று கேட்டான். சரியான இடத்தைத் தொட்டுவிட்டான். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் உச்ச வேகமான 110 கிலோமீட்டரில் இரண்டு விநாடி என்பது 61 மீட்டர். ஏறத்தாழ அதே வேகத்துக்கு அட்டவணை கூறும் நிற்கும் தூரம் 96 மீட்டர். இரண்டும் எப்படிப் பொருந்தும்? முன்வண்டியும் பிரேக் பிடித்துச் சிறிது தூரம் ஓடித்தான் நிற்கும் என்னும் நம்பிக்கையில் அந்த 35 மீட்டர் கடனாக எடுக்கப்பட்டிருக்கிறது. இருப்புப் பாதையின் பகுதி முறை இக்கடனை வாங்குவதில்லை. முன்வண்டி கற்சுவர் போல நிற்கிறது என்று வைத்துக்கொண்டே அது பின்வண்டியைத் தடுத்து நிறுத்துகிறது.

அந்தக் கடன் திருப்பிக் கேட்கப்படும் வேளை மூடுபனியும் அடைமழையும். பிரிட்டனின் எம் 1 நெடுஞ்சாலை 1959 நவம்பர் 2-ஆம் தேதி வேக வரம்பு எதுவுமின்றித் திறக்கப்பட்டது. 1965-ஆம் ஆண்டின் இறுதியில் மூடுபனியில் வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதிக் குவிந்த விபத்துகள் அடுத்தடுத்து நேர்ந்தன. முன்வண்டியின் சிவப்பு விளக்கைத் தவறவிடாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் நெருங்கிப் போனார்கள். முதல் வண்டி சுவராகியது. மற்றவை அதில் ஏறின. டிசம்பர் 22 முதல் மணிக்கு 70 மைல் வரம்பு தற்காலிகமாக விதிக்கப்பட்டது. 1967-இல் அது நிலையாயிற்று. அரசு சட்டமாக்கியது வேகத்தைத்தான். இடைவெளி அன்றும் விதிநூலின் அறிவுரையாகவே இருந்தது. அவ்வறிவுரையை மீறுவது தானே குற்றமாகாது. ஆனால் வழக்கு வந்தால் நீதிமன்றத்தில் சான்றாக எடுத்துக் காட்டப்படலாம் என்பது 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிலை.

நடைமுறைத் தடை ஒன்றும் உண்டு என்பதை நெடுஞ்சாலையில் ஓட்டும் எவரும் அறிவர். 61 மீட்டர் இடம் விட்டால் அடுத்த நொடியே ஒரு கார் அதில் வந்து புகுந்துகொள்ளும். இடம் விட்டவன் ஏமாளியாகிறான். இருப்புப் பாதையில் வெற்றிடத்துக்கு ஓர் உரிமையாளன் இருந்தான். அவன் கையில் டோக்கன் இருந்தது. சாலையில் வெற்றிடம் யாருக்கும் சொந்தமில்லை. புகுந்தவனுக்குப் பின்னால் மீண்டும் இரண்டு விநாடி விட்டுத் தளர்வதைத் தவிர வேறு வழி இல்லை. அப்படித் தளர்ந்தால் முழுப் பயணத்திலும் இழப்பது சில நிமிடங்களே.

அளக்கும் முறை எளிது. முன்வண்டியின் வால், சாலையோரக் கம்பம் ஒன்றையோ மேம்பாலத்தின் நிழலையோ கடக்கும் கணத்தில் எண்ணத் தொடங்க வேண்டும். 'ஒன்று, இரண்டு' என்று எண்ணினால் அவசரத்தில் அரை விநாடியில் முடிந்துவிடும். நான் என் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பது, 'ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு' என்று நிதானமாகச் சொல்வது. நின்று சொல்லிப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஒரு விநாடி ஆகிறது. சொல்லி முடிக்குமுன் நம் வண்டி அந்த நிழலைத் தொட்டுவிட்டால் நெருங்கிவிட்டோம். மழை பெய்தால் ஆயிரத்து நான்கு வரை எண்ண வேண்டும். வகுப்பில் ஒருவன் வெளியே போகும் பள்ளி வேனைப் பார்த்து இதை எண்ணிக்கொண்டிருந்தான். அதன் பின்னால் போன கார் ஆயிரத்தொன்றைக்கூட எட்டவில்லை.